கொழுப்பு கூடியவர்கள் ரத்தக்குழாய்க்காக நடப்பது எப்படி?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு ஏறியிருக்கிறது, டாக்டர் "நடங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படி ஒரு ரிப்போர்ட்டோடுதான் நானும் திருவாரூர் கமலாலயக் குளக்கரையில் நடக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒன்று. நடந்தால் எல்.டி.எல். பெரிதாக இறங்காது. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு குறையும், எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆகவே கொழுப்பைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நடையின் பலன் குழாயின் உள்சுவரில் தெரியும். அங்கே ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியம் செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகின்றன. (இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.) கெட்ட கொழுப்பு மிகுந்தால் அந்த வாயு போதாமல் போகும், விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரியாது. வேகமாக நடக்கும்போது ரத்தம் சுவரை உரசி ஓடுகிறது. அந்த உரசல்தான் செல்களைத் தூண்டிச் சுரக்க வைக்கிறது. வாய்க்கால் தூர்வாருகிற மாதிரி அடைப்பை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி நடக்காது.

நெஞ்சுவலி, சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், விலை குறைந்ததானாலும் ஷூ போடுங்கள். ஸ்மார்ட் வாட்ச் தேவையே இல்லை என்பது என் கட்சி.

இனி வேகம். எனக்குப் பிடிபட நாளானது இதுதான். நம் டெல்டா சமதரை, ஏற்றம் கிடையாது. மூச்சு கூட வேண்டுமானால் காலைத்தான் எட்டிப் போட வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: இதுதான் அளவு. கூட வருபவரிடம் "அண்ணே, இந்தத் தடவை நெல்லு மூட்டை என்ன வெலைக்குப் போச்சு?" என்று கேளுங்கள். நடுவில் ஒரு மூச்சு வாங்கினால் வேகம் சரி. ஒரே மூச்சில் கேட்டு முடித்தால் இன்னும் கூட்டுங்கள். இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லையா, குறையுங்கள். குளத்தைச் சுற்றிக் கதை பேசிக்கொண்டே போகிறவர்களில் பலர் இந்த வேகத்தைத் தொடுவதே இல்லை.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்று கொண்டு வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் குறைந்தபட்சமாகச் சொல்லும் 150 நிமிடம் அதில் வந்துவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடம் மெதுநடை. சட்டென்று நின்றால் தலை சுற்றலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விட்டுவிடாதீர்கள். நிறுத்தினால் சில வாரங்களில் பலன் கரைந்துவிடும். திண்ணையிலோ கூடத்திலோ நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கி நடக்கலாம்.

பின்சேர்க்கை: "வயல்லதான் நாள் பூரா நிக்கிறோமே" என்று கேட்கிறார்கள். விட்டுவிட்டுச் செய்யும் வேலையில் மூச்சு தொடர்ந்து கூடாது. அதே பேச்சுச் சோதனையை வரப்பிலும் செய்து பாருங்கள்.

இன்னொன்று: பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. எண்ணிக்கையை நம்பாமல் பேச்சை வைத்தே அளவெடுங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றதும் வலி விட்டுப்போனால் கால் குழாயே சுருங்கியிருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.