சார்ட்டை நம்பித் தரைதட்டிய கப்பல்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013 ஜனவரி 17, பிலிப்பைன்ஸின் சூலு கடல். விடிய இன்னும் சில மணி நேரம் இருக்கும்போது, அமெரிக்கக் கடற்படையின் கண்ணிவெடி அகற்றும் கப்பலான யுஎஸ்எஸ் கார்டியன், துப்பத்தாஹா பவளத்திட்டின் மேல் ஏறி நின்றுவிட்டது. புயல் இல்லை, எந்திரக் கோளாறு இல்லை. பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) இருந்தவர்கள் நம்பிய மின்னணு சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், அந்தத் திட்டு, உண்மையில் இருக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 8 கடல் மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. செயற்கைக்கோள் படத்திலிருந்து சார்ட் தயாரித்தபோது புகுந்த பிழை அது. மரத்தாலான கப்பலின் உடலை அலைகள் மோதி மோதிச் சிதைத்தன. இழுத்து மீட்க வழியில்லாமல், துண்டு துண்டாக அறுத்து மார்ச் கடைசியில் அகற்றி முடித்தார்கள். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தப் பவளத்திட்டில் 2,300 சதுர மீட்டருக்கு மேல் நொறுங்கிப்போயிருந்தது.

எட்டு மைல் பிழை என்றால் சார்ட் தயாரித்தவர்கள் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் விசாரணை அதோடு நிற்கவில்லை. அதே பகுதிக்கான வேறொரு அளவு சார்ட்டில் திட்டு சரியான இடத்தில் இருந்தது. இரண்டு சார்ட்டும் முரண்பட்டதை யாரும் பொருட்படுத்தவில்லை. கலங்கரை விளக்கத்தின் ஒளியும், நம்பிய சார்ட்டின்படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதையும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

தரைதட்டிய கப்பல்களின் விசாரணை அறிக்கைகளை வரிசையாகப் படித்தால் இது திரும்பத் திரும்ப வரும். சார்ட் பொய் சொன்ன இடத்திலும், பக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். கேட்க ஆளில்லாமல் போயிருக்கும். கப்பல் வேலைக்குப் போகிற இளைஞர்கள் இதை முதல் ஒப்பந்தத்திலேயே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

யார் அளந்தது, எப்போது அளந்தது என்று கேட்காமல் இருப்பது

எனக்குத் தெரிந்து இதுவே பெரிய தவறு. சார்ட்டில் 12 மீட்டர் என்று எழுதியிருந்தால், அங்கே 12 மீட்டர் தண்ணீர் இருக்கிறது என்று படிக்கிறோம். அந்த எண் உண்மையில் சொல்வது வேறு: என்றோ ஒருநாள், ஏதோ ஒரு கருவியால், யாரோ அந்த இடத்தில் அளந்தபோது கிடைத்தது அவ்வளவு.

பழைய அளவைகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் எடுத்தவை. குண்டு விழுந்த புள்ளியின் ஆழம் கிடைக்கும். அடுத்த புள்ளி வரை இடையில் கூரான பாறை ஒன்று நின்றிருந்தாலும் தெரியாது. பின்னால் வந்த எதிரொலி மானியும் கப்பலுக்கு நேர் கீழே ஒரு கோட்டைத்தான் அளந்தது. தரை முழுவதையும் துழாவிப் பார்க்கும் பல்கற்றை சோனார் பரவலானது கடந்த சில பத்தாண்டுகளில்தான். இன்றைக்கும் உலகக் கடல்தளத்தில் நவீன முறையில் அளந்து முடித்தது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவே.

1992 ஆகஸ்ட் 7 அன்று குவீன் எலிசபெத் 2 பயணிகள் கப்பல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் கட்டிஹங்க் தீவுக்குத் தெற்கே பாறையில் உரசியது. வழிகாட்டும் உள்ளூர் பைலட் கப்பலில்தான் இருந்தார். சார்ட்டில் அந்த இடத்தில் இருந்தது ஆறரை ஃபாதம், அதாவது 39 அடி. (நம் மீனவர்கள் பாகம் என்று சொல்வதும் கிட்டத்தட்ட அதே ஆறடிக் கணக்குதான்.) கப்பல் மூழ்கியிருந்த ஆழம் 32 அடிக்குச் சற்று மேல். கணக்குப்படி தாராளமாகப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த 39 அடியை அளந்த ஆண்டு 1939. சுற்றிலும் இருந்த உயரமான பாறைகள் அந்த அளவையில் சிக்கவே இல்லை.

2005 ஜனவரி 8 அன்று யுஎஸ்எஸ் சான் பிரான்சிஸ்கோ நீர்மூழ்கிக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. குவாம் தீவுக்குத் தென்கிழக்கே, 525 அடி ஆழத்தில், முழு வேகத்தில் போய்க் கடலடி மலை ஒன்றில் முட்டியது. மாலுமி ஒருவர் இறந்தார், 98 பேர் காயமடைந்தார்கள். பயன்படுத்திய சார்ட்டில் மலை இல்லை. கப்பலில் இருந்த வேறு சார்ட்டுகளில், அந்த இடத்திலிருந்து சில மைல் தூரத்துக்குள் 'நீரின் நிறம் மாறித் தெரிகிறது' என்ற எச்சரிக்கைக் குறிப்பு இருந்தது. அதை எடுத்துப் பாதை போடும் சார்ட்டில் குறிக்கவில்லை.

சார்ட் எந்த ஆண்டில் அச்சானது என்று பார்த்துத் திருப்திப்படுவது உதவாது. பதிப்பு புதிதாக இருக்கும், உள்ளே இருக்கும் ஆழம் தாத்தா காலத்தது. காகித சார்ட்டின் ஓரத்தில் சிறிய கட்டமாக ஒரு வரைபடம் இருக்கும். எந்தப் பகுதியை எந்த ஆண்டு யார் அளந்தார்கள் என்று அதில் போட்டிருக்கும். மின்னணு சார்ட்டில் இதே வேலையைச் செய்வது கேட்சாக் தரவரிசை. ஏ1 உச்சம், பிறகு ஏ2, பி, சி, டி. எதுவுமே மதிப்பிடப்படாதது யு.

இந்த எழுத்துகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சி தரத்தில் ஆழத்தின் பிழை 2 மீட்டரும், அதோடு ஆழத்தின் 5 சதவீதமும் வரை இருக்கலாம். ஆக, 12 மீட்டர் என்று காட்டும் இடத்தில் உண்மையில் 9.4 மீட்டர்தான் இருக்கக்கூடும். அந்த எண் நிற்கும் இடமே 500 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். ஏ1 தரத்தில் அதே 12 மீட்டருக்குப் பிழை 62 சென்டிமீட்டருக்குள். ஒரே எண், ஒரே நிறம், ஒரே திரை. 10 மீட்டர் மூழ்கிப் போகும் கப்பலுக்கு ஒன்றில் வழி இருக்கிறது, மற்றதில் இல்லை. டி தரத்துக்கோ அந்த வரம்புகூடக் கிடையாது.

எண்களே இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து 'இங்கே ஆபத்தில்லை' என்று எண்ணுவதும் இதே வகைத் தவறுதான். அங்கே யாரும் அளக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

நிற்கும் கப்பலுக்கான கணக்கை ஓடும் கப்பலுக்குப் போடுவது

ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போகும் கப்பல் இன்னும் கீழே அமுங்கும். ஸ்குவாட் என்பது இதைத்தான். குவீன் எலிசபெத் 2 அந்த நேரத்தில் ஏறக்குறைய 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அது பல அடிகள் அமுங்கியிருந்தது; அந்த அமுங்கலைப் பிரிட்ஜில் இருந்தவர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். அமுங்கல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், வேகத்தைப் பாதியாக்கினால் அமுங்கல் கால்பங்காகிவிடும். சார்ட்டின் தரம் சந்தேகமாக இருக்கும் இடத்தில் உடனே கையில் கிடைக்கும் மருந்து வேகக் குறைப்புதான்.

திரையைச் சுருக்கி வைத்துப் பாதை போடுவது

2014 நவம்பர் 29 இரவு, வால்வோ பெருங்கடல் பந்தயத்தில் இருந்த வெஸ்டாஸ் விண்ட் பாய்மரப் படகு, மொரீஷியஸைச் சேர்ந்த கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் போய் மோதியது. ஒன்பது பேரும் உயிர் தப்பியது பெரும்பேறு. சார்ட்டில் பிழை இல்லை. திட்டு முழுவதும் அதில் இருந்தது. ஆனால் திரையைப் பெரிதாக்கினால்தான் தெரியும். பாதை போட்டபோது பெருங்கடல் முழுவதும் தெரியும்படி திரையைச் சுருக்கி வைத்திருந்தார்கள். நெரிசலைக் குறைக்க மின்னணு சார்ட் சில விவரங்களைத் தானாகவே மறைத்துவிடும் என்பது எல்லோரும் படித்ததுதான். முழுப் பாதையையும், தொடக்கம் முதல் முடிவு வரை, பெரிய அளவில் ஓட்டிப் பார்த்தே தீர வேண்டும். கடைசி நேரத்தில் பாதை மாறினால் அந்தப் புதுத் துண்டையும் அப்படியே பார்க்க வேண்டும்.

பெரிதாக்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. 1:1,00,000 அளவில் தயாரான சார்ட்டை 1:10,000 வரை பெரிதாக்கினால் புதிய விவரம் எதுவும் வராது, பழைய பிழைதான் பெரிதாகும்.

2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸில் தரைதட்டிய வகாஷியோ சரக்குக் கப்பலை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. கேப்டன் இந்தியர், முதன்மை அதிகாரி இலங்கையர். கைபேசிக்கு அலைவரிசை கிடைக்க வேண்டும் என்று கரையை நெருங்கினார்கள். முதலில் 22 மைல் தள்ளிப் போவதாக இருந்த பாதை 5 மைலுக்குச் சுருங்கி, பிறகு 2 மைல் என்றானது. அவ்வளவு அருகே போவதற்கு ஏற்ற பெரிய அளவு சார்ட் கப்பலில் இல்லவே இல்லை. ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தது. மாதக்கணக்கில் வீட்டுக் குரலைக் கேட்காத மனிதர்களின் ஏக்கம் புரியாமல் இல்லை. ஆனால் கையில் இருக்கும் சார்ட் எந்தத் தூரம் வரை செல்லுபடியாகும் என்பதை அந்த ஏக்கத்தால் மாற்ற முடியாது.

எக்டிஸ் (கப்பலின் மின்னணு சார்ட் கருவி) பார்த்துக்கொள்ளும் என்று விடுவது

2013 செப்டம்பர் 18, டோவர் நீரிணை. ராட்டர்டாமிலிருந்து இத்தாலிக்குத் தாவர எண்ணெய் ஏற்றிப்போன ஓவிட் என்ற டேங்கர் வார்ன் மணல்திட்டில் ஏறியது. அனுபவம் குறைந்த அதிகாரி போட்ட பாதை திட்டின் மேலேயே போனது. கேப்டன் அதைச் சரிபார்க்கவில்லை. இதைவிட ஆழம் குறைந்தால் ஆபத்து என்று எக்டிஸுக்குச் சொல்லும் பாதுகாப்பு ஆழக்கோடு கப்பலுக்கு ஏற்ப அமைக்கப்படவில்லை. எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை. திட்டைக் காட்டும் மிதவைகளின் விளக்குகள் கண்ணுக்கெதிரே மின்னிக்கொண்டிருந்தன. கப்பல் தரைதட்டியதையே பணியில் இருந்தவர் 19 நிமிடம் உணரவில்லை.

பாதுகாப்பு ஆழக்கோடு எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குக் குழப்பம். நீங்கள் 12 மீட்டர் என்று கொடுத்து, சார்ட்டில் 10, 20, 30 கோடுகள் மட்டும் இருந்தால், எக்டிஸ் 20-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் எதுவுமே கொடுக்காவிட்டால் 30. விளைவு, ஆழமற்ற கடலில் திரை முழுக்க ஒரே நீலமாகி, ஓயாமல் அலாரம் அடிக்கும். எரிச்சலில் அதை அணைத்துவிடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல் தொடங்குகிறது.

அறிவிப்பைக் கோப்பில் வைத்துவிட்டு மறப்பது

2011 மே 17 அன்று சீனாவின் சியாமென் துறைமுகத்திலிருந்து வெளியே வந்த சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரா என்ற சரக்குக் கப்பல், மிதவையிட்ட தடத்தைவிட்டு விலகித் தரைதட்டியது. அந்தப் பகுதியில் பல இடங்களில் சார்ட்டில் உள்ளதைவிட ஆழம் குறைவு என்று மாலுமிகளுக்கான அறிவிப்பு ஒன்று முந்தைய ஆண்டே வந்திருந்தது. அந்த எச்சரிக்கை பயணத் திட்டத்தில் ஏறவில்லை, பணியில் இருந்த சார்ட்டிலும் குறிக்கப்படவில்லை. வழக்கு நீண்டு, 2021 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குறையுள்ள பயணத் திட்டத்தோடு கிளம்பிய கப்பல், கடலோடத் தகுதியற்ற கப்பல்தான். எஞ்சினும் உடலும் நன்றாக இருந்தும், பென்சிலால் எழுதாமல் விட்ட ஒரு குறிப்பு அந்தப் பெயரை வாங்கித் தந்தது. இரண்டாம் அதிகாரியின் திருத்த வேலையைச் 'சில்லறை வேலை' என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

ஜிபிஎஸ் பற்றி ஒன்று. பழைய அளவைகள் சிலவற்றில் சார்ட்டின் அடிப்படை (அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் முறை), ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 ஆக இருக்காது. உங்கள் இடம் துல்லியமாக இருக்கும், தீவு தள்ளியிருக்கும். ரேடாரில் தீவின் கரையை சார்ட்டின் மேல் பொருத்திப் பார்த்தால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். எதிரொலி மானியும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அது காட்டும் ஆழம், அலையேற்றத்தைக் கழித்த பிறகும் சார்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக் கேப்டனைக் கூப்பிடுங்கள். நடுராத்திரியில் எழுப்பியதற்காகத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

கண்ட பிழையைச் சொல்லாமல் போவது

துப்பத்தாஹாவின் பிழை 2011-லேயே சார்ட் தயாரித்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. ஒரு சார்ட்டில் திருத்தினார்கள், இன்னொன்று விடுபட்டது. நீங்கள் கடந்துபோகும் இடத்தில் ஆழமோ, விளக்கோ, மிதவையோ சார்ட்டோடு மாறுபட்டால் அதை எழுதி அனுப்புங்கள். அதற்கென்றே படிவம் இருக்கிறது. பிரிட்டிஷ் சார்ட்டுகளுக்கு எச் 102 என்பார்கள். இந்திய சார்ட் என்றால் டேராடூனில் உள்ள தேசிய நீர்வரைவியல் அலுவலகத்துக்கு (நேஷனல் ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ்) அனுப்ப வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம், எதிரொலி மானி காட்டிய ஆழம், அப்போது கப்பல் மூழ்கியிருந்த அளவு, பயன்படுத்திய சார்ட்டின் எண், அதில் கடைசியாகச் செய்த திருத்தம். இவ்வளவுதான் கேட்பார்கள். பணி முடிந்து இறங்குவதற்கு முன் கால்மணி நேரத்தில் எழுதிவிடலாம்.