எல்லா எழுத்துக்கும் புள்ளி: தஷ்ல்ஹீத் உச்சரிக்கப் பழகுவோம்

மொராக்கோவின் தென்மேற்கில், அகாதிர் நகரை ஒட்டிய சூஸ் சமவெளியிலும் அதைச் சூழ்ந்த அட்லஸ் மலைகளிலும் பேசப்படும் பெர்பர் மொழி தஷ்ல்ஹீத். பெர்பர் என்பது வெளியார் வைத்த பெயர். அந்த மக்களில் பலர் தங்களை அமாஸிக் என்றே சொல்லிக்கொள்ள விரும்புகிறார்கள்.

இந்த மொழியில் உயிரொலியே இல்லாமல் ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிவிடலாம். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் மெய்க்குப் புள்ளி வைத்தே எழுதப் பழகிய நமக்கு இது சீக்கிரம் பிடிபடும் என்று நம்புகிறேன்.

முதல் படி: உயிர்கள்

மூன்றே மூன்றுதான்: அ, இ, உ. நம் சுட்டெழுத்துகளேதான். குறில் நெடில் கவலை கிடையாது. அமன் என்றால் தண்ணீர், அஃபுஸ் என்றால் கை, உல் என்றால் இதயம். சரி, இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: ஒற்றையும் இரட்டையும்

கனி வேறு, கன்னி வேறு என்பது நமக்குத் தெரியும். அதே வேறுபாட்டை இவர்கள் சொல்லின் தொடக்கத்திலும் வைத்திருக்கிறார்கள். க்ஸ் என்றால் 'மேய்'. ஆடு மேய்ப்பவர் அம்க்ஸா. க்க்ஸ் என்றால் 'கழற்று'. இரண்டாவதைச் சொல்ல, அடிநாக்கை மேலே ஒட்டி, ஒரு கணம் கூடுதலாக அப்படியே வைத்திருந்து விடுங்கள். அந்தக் கணத்தில் சத்தமே வராது. பரவாயில்லை, பிடித்து வைப்பதுதான் முக்கியம்.

மூன்றாம் படி: வாக்கியம் கட்டுவது

'நீ' செய்ததாகச் சொல்ல, வினையின் முன்னும் பின்னும் ஒரு த் சேர்க்க வேண்டும்.

க்க்ஸ் – கழற்று
த்க்க்ஸ்த் – நீ கழற்றினாய்
த்க்க்ஸ்த்ஸ்த்த் – நீ அதைக் கழற்றினாய்

கடைசியில் ஒட்டிய ஸ்த்த் தான் 'அதை'. பெண்பால் பெயரைச் சுட்டுவது. எல்லா எழுத்திலும் புள்ளி இருக்கிறது, பாருங்கள்!

நாம் தடுக்கி விழும் இடமும் இதுதான். ஸ்கூலை 'இஸ்கூல்' ஆக்கும் நாக்கு, இங்கேயும் நடுவில் ஓர் இகரத்தையோ உகரத்தையோ நுழைக்கப் பார்க்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுங்கள். த், க், ஸ் மூன்றுமே தொண்டை அதிராமல் பிறப்பவை. விரலில் அதிர்வு தட்டினால் எங்கோ உயிர் நுழைந்துவிட்டது. கிசுகிசுப்பது போலத் தொடங்கி, அப்புறம் வேகத்தைக் கூட்டுங்கள்.

இந்த மொழியில் எந்த மெய்யும் அசையின் மையமாக நிற்க முடியும் என்று மொழியியலாளர்கள் பிரான்சுவா தெல், முகமது எல்மெத்லாவி இருவரும் 1985-இல் விளக்கினார்கள். நம் யாப்பில் ஒற்றுக்குத் தனி அசை கிடையாது. தஷ்ல்ஹீத் பாடல்களிலோ, உயிரே இல்லாத அசையும் சந்தக் கணக்கில் சேரும். எனக்கு இந்த மொழிமேல் பிரியம் வந்ததே இதை அறிந்தபோதுதான்.

நான்காம் படி: கனத்த ஒலிகள்

வண்டு ரீங்கரிப்பது போன்ற ஸகரம் ஒன்று இங்கே உண்டு. அதைச் சாதாரணமாக வைத்து இஸி என்றால் ஈ. அடிநாக்கைத் தொண்டைப் பக்கம் இழுத்துக் கனமாக இஸி என்றால் பித்தப்பை. அந்தக் கனம் பக்கத்து உயிர்களிலும் படிவதால், இகரமே கொஞ்சம் மங்கிக் கேட்கும். மெய்யைவிட அந்த இகரத்தைக் கவனித்தால் வேறுபாடு சீக்கிரம் காதில் விழும்.

ஐந்தாம் படி: உறவு மொழிகளுக்குக் காது கொடுப்பது

வடக்கு மொராக்கோவின் ரீஃப் மலைகளில் லகரம் ரகரமாகிவிடும். உல் அங்கே உர். அல்ஜீரியாவின் கபீல் மொழியில் தகரம் பல இடங்களில் பற்களிடையே காற்று கசியும் ஒலியாக நெகிழும். சகாராவின் துவாரெக் மக்களிடம் அமாஸிக் என்ற பெயரே இடத்துக்கு இடம் மாறுகிறது: அல்ஜீரியாவின் ஹொகார் மலைகளில் அமாஹக், மாலியில் அமாஷெக், நைஜரில் அமாஜெக். தண்ணீர் மட்டும் இத்தனை ஊரிலும் அமன்தான்.