புது ஐபீஸின் முதல் இரவு: பழி போடும் முன் பார்க்க வேண்டியவை

டெலஸ்கோப்புக்குப் புதிதாக ஓர் ஐபீஸ், அதாவது நாம் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் தொகுதி, வாங்கிவிட்டால், வானம் எப்போது தெளியும் என்று காத்திருப்பதே பெரிய தவிப்பு. மேகம் விலகிய முதல் மாலையில் டெலஸ்கோப்பை வெளியே தூக்கி வைக்கிறோம். பெட்டியைப் பிரித்து ஐபீஸைப் பொருத்தி வியாழன் பக்கம் திருப்புகிறோம். பட்டைகள் மங்கலாகத் தெரிகின்றன, விளிம்பில் ஒரு நீலச்சாயல் வேறு. ஐந்தே நிமிடத்தில் மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது: இது சரியில்லை, பணம் வீண்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறான தீர்ப்பு. வானத்து ஒளி பல கிலோமீட்டர் காற்றைக் கடந்து, டெலஸ்கோப்பின் குழாய்க்குள் இருக்கும் காற்றைக் கடந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பித்தான் ஐபீஸுக்கு வருகிறது. அதன் பிறகும் நம் கண் ஒன்று இருக்கிறது. இதில் எது கெட்டாலும் படம் கெடும். ஆனால் அன்று புதிதாக வந்தது ஐபீஸ் மட்டும்தான் என்பதால் பழி முழுவதும் அதன் தலையில் விழுகிறது. அதனால் முதல் இரவில் செய்ய வேண்டிய வேலை, எந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான்.

முதல் தவறு அவசரம். வீட்டுக்குள் இருந்த டெலஸ்கோப்பை வெளியே கொண்டு வந்ததும் அதன் கண்ணாடி இரவுக் காற்றைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூடு குழாய்க்குள் மெல்லிய காற்றோட்டமாக மேலே எழுந்துகொண்டே இருக்கும். அடுப்புக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். 150 அல்லது 200 மி.மீ. கண்ணாடி ஆறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடிக்கும், பெரிய கண்ணாடிக்கு அதைவிடக் கூடுதலாக ஆகும். அதுவரை எந்த ஐபீஸைப் போட்டாலும் கோள்கள் நெளியத்தான் செய்யும். நெபுலா (விண்வெளியின் வாயு, தூசு மேகம்), விண்மீன் பேரடை (கேலக்ஸி) போன்ற மங்கலானவற்றைப் பார்ப்பதாக இருந்தால் கண்ணும் தயாராக வேண்டும். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை கைபேசித் திரையைப் பார்த்தால் போதும், பெருமளவு போய்விடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். பிரகாசம் குறைத்த சிவப்பு விளக்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பலரையும் ஏமாற்றுகிற உருப்பெருக்கம். கணக்கு எளிது: டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை (அதன் கண்ணாடி ஒளியைக் குவிக்கும் தூரம்) ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட டெலஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம். 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு தரும், 10 மி.மீ. 120 மடங்கு, 5 மி.மீ. 240 மடங்கு. புதிதாக வாங்கும்போது 5 மி.மீ., 4 மி.மீ. என்று கீழே போகத்தான் ஆசை வரும். விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப் போல இரண்டு மடங்கு வரை உருப்பெருக்கம் பயன்படும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு, அதன்படி இந்த டெலஸ்கோப் 400 வரை தாங்க வேண்டும். ஆனால் காற்று விடாது. பெரும்பாலான இரவுகளில் 200, 250 மடங்கைத் தாண்டினால் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது.

காற்றின் குறையையும் ஐபீஸின் குறையையும் பிரிப்பது கடினமில்லை. காற்றால் வரும் மங்கல் அசைந்துகொண்டே இருக்கும். ஓடும் நீருக்கு அடியில் கிடக்கும் கூழாங்கல்லைப் பார்ப்பது போல இருக்கும், நடுவில் ஓரிரு விநாடி பளிச்சென்று தெளிந்து மறுபடி கலங்கும். அந்த ஓரிரு விநாடியில் வியாழனின் பட்டைகளில் நுணுக்கம் தெரிந்தால் ஐபீஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எப்போதும் ஒரே மாதிரி, அசையாமல் மங்கலாக இருந்தால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடிகளின் நேர்படுத்தல், அதாவது கோலிமேஷன். துருவ நட்சத்திரம் ஏறக்குறைய அசையாமல் நிற்பதால் அதை நடுவில் வைத்து, ஃபோகசைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் அமையாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் கோளாறு கண்ணாடிகளில் இருக்கிறது.

பார்க்கும் பொருள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடுகிறோம். அடிவானத்துக்கு அருகில் இருக்கும் கோளின் ஒளி பல மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. அந்தக் காற்று ஒரு முப்பட்டகம் போல ஒளியைப் பிரித்துவிடும், கோளின் அடிவானப் பக்கம் சிவப்பும் உச்சிப் பக்கம் நீலமும் தெரியும். தாழ்வாக நிற்கும் வெள்ளியில் இது நன்றாகவே தெரியும். தொடக்கத்தில் சொன்ன நீலச்சாயல் இப்படி வந்ததாகவும் இருக்கலாம். கோள் மேலே ஏறும்வரை பொறுத்திருந்து மறுபடி பாருங்கள். சாயல் குறைந்தால் அது காற்றின் வேலை.

சரி, இப்போது கண்ணை எங்கே வைப்பது என்ற விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு ஐபீஸுக்கும் அதன் கடைசி லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம் ஒன்று உண்டு. வியன்னாவைச் சேர்ந்த கியோர்க் ப்ளோசல் 1860இல் உருவாக்கிய வடிவம் இன்றும் பல டெலஸ்கோப்புகளுடன் வருகிறது. அதில் இந்தத் தூரம் குவியத் தூரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். 10 மி.மீ. ப்ளோசல் என்றால் 7 மி.மீ., 6 மி.மீ. ப்ளோசல் என்றால் 4 மி.மீ. சொச்சம்தான். இமைமுடி லென்ஸில் உரசும் அளவுக்குக் கிட்டே போக வேண்டியிருக்கும். இதற்குப் பழகியவர்கள் தூரம் கூடிய, வானத்தை அகலமாகக் காட்டும் நவீன அகலப்புல ஐபீஸுக்கு மாறும்போதும் அதே பழக்கத்தில் கண்ணை ஒட்ட வைத்துவிடுகிறார்கள். உடனே அவரைக்கொட்டை வடிவில் ஒரு கருநிழல் பார்வையில் நீந்தத் தொடங்கும். ஐபீஸ் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டாம். கண்ணைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள், ரப்பர் மூடியின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். பல ஐபீஸ்களில் அந்த மூடி திருகி உயர்த்தும்படி இருக்கும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் ஃபோகசரைத் திருகியே சரிசெய்துகொள்ளலாம், கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். அஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே சீராக இல்லாத குறை, மட்டும் ஃபோகசருக்குக் கட்டுப்படாது. அது கணிசமாக இருந்தால் கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும், அதற்குக் கண் தூரம் 15 முதல் 20 மி.மீ. வரை உள்ள ஐபீஸ் தேவை.

இந்த அஸ்டிக்மாட்டிசத்தைப் பற்றிச் சொல்ல என் அனுபவம் ஒன்று இருக்கிறது. 30 மி.மீ. அகலப்புல ஐபீஸ் ஒன்றை வாங்கிய இரவில், நடுவில் வைத்த பிரகாசமான நட்சத்திரங்கள்கூட எனக்குச் சிறு கோடுகளாக இழுபட்டுத் தெரிந்தன. திருப்பி அனுப்புவதற்காகப் பெட்டியில் வைத்தும்விட்டேன். அனுபவமுள்ள நண்பர் ஒருவர், "தலையைச் சாய்த்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். மறுநாள் சாய்த்தேன். கோடும் என் தலையோடு சேர்ந்து சாய்ந்தது. குறை என் கண்ணில்தான் இருந்தது. குறைந்த உருப்பெருக்கத்தில் ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை அகலமாக இருக்கும், அது கண்ணின் விளிம்புப் பகுதிகளையும் பயன்படுத்துவதால் கண்ணின் குறை முழுதாக வெளிப்படும். அதே கண் அதிக உருப்பெருக்கத்தில் எந்தத் தொல்லையும் தராது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், நட்சத்திரங்கள் புள்ளிகளாயின. அந்த ஐபீஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு நட்சத்திரம் புள்ளியாக இல்லாவிட்டால் வரிசையாகச் சில சோதனைகள் செய்வது என் வழக்கம். தலையைச் சாய்த்தால் கோடு கூடவே வருகிறதா? அப்படியானால் கண். ஐபீஸை மட்டும் அதன் குழாயில் சுழற்றினால் கோடு சுழல்கிறதா? அப்படியானால் ஐபீஸ். இரண்டுக்கும் அசையவில்லையா? டெலஸ்கோப்பின் கண்ணாடிகளைப் பாருங்கள்.

நடுவில் எல்லாம் நன்றாக இருந்து, ஓரத்தில் மட்டும் நட்சத்திரங்கள் கெட்டால் விசாரணை வேறு மாதிரி போகும். ஒரு நட்சத்திரத்தை ஓரத்துக்குக் கொண்டுபோய் அங்கே மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள். அது கூர்மையாகி நடுப்பகுதி கலங்கினால், குவியும் தளம் வளைந்திருக்கிறது என்று பொருள், அது ஐபீஸும் டெலஸ்கோப்பும் சேர்ந்து செய்வது. எப்படி ஃபோகஸ் செய்தாலும், மையத்துக்கு எதிர்ப்பக்கம் வால் விரிந்த சின்ன வால்நட்சத்திரம் போலவே இருந்தால் அது கோமா. குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது குவிய விகிதம். அது 5 அல்லது அதற்கும் குறைவாக உள்ள நியூட்டோனியன் (குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும்) டெலஸ்கோப்புகளின் பிறவிக் குணம் இந்தக் கோமா. எவ்வளவு விலை கொடுத்து ஐபீஸ் வாங்கினாலும் போகாது, அதற்கென்று கோமா கரெக்டர் தனியாக இருக்கிறது. ஃபோகசை உள்ளேயும் வெளியேயும் நகர்த்தும்போது நட்சத்திரம் ஒரு பக்கம் நீண்டு, பிறகு அதற்குச் செங்குத்தாக நீண்டால் அதுதான் ஐபீஸின் சொந்தக் குறை. அதையும் முழுக் குறை என்று சொல்லிவிட முடியாது. குவிய விகிதம் 10 உள்ள டெலஸ்கோப்பில் ஒளி மென்மையான கோணத்தில் குவிவதால் எளிய ஐபீஸ்கூட ஓரம்வரை நன்றாக நடந்துகொள்ளும். அதே ஐபீஸ் விகிதம் 5இல் திணறும். அடுத்தவர் டெலஸ்கோப்பில் நன்றாக இருந்தது என்பதை மட்டும் நம்பி வாங்கும்போது நேரும் ஏமாற்றம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

பழைய ஐபீஸோடு ஒப்பிடாமல் இருக்க யாராலும் முடியாது. ஒப்பிடுங்கள், ஆனால் நியாயமாக ஒப்பிடுங்கள். பழைய 10 மி.மீ. பக்கத்தில் புது 7 மி.மீ. ஐபீஸை வைத்து, புதியது இருட்டாக இருக்கிறது என்று சொல்வது சரியில்லை. உருப்பெருக்கம் கூடியதாலேயே நெபுலா போன்ற பரந்த பொருளின் பிரகாசம் பாதியாகக் குறைந்திருக்கும். கூடியமட்டும் ஒரே குவியத் தூரத்தில், ஒரே இரவில், ஒரே பொருளைப் பாருங்கள். மாற்றி மாற்றி நாலைந்து முறை பார்க்க வேண்டும், காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

எனக்குப் பிடித்த சோதனைப் பொருள் சப்தரிஷி மண்டலத்தின் வசிஷ்டரும் அருந்ததியும். இருவருக்கும் இடையே சுமார் 12 கலை தூரம் (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை). வசிஷ்டரே டெலஸ்கோப்பில் 14 விகலை இடைவெளியில் இரண்டாகப் பிரிவார். முன்சொன்ன டெலஸ்கோப்பில், 52 பாகைப் புலம் (ஐபீஸுக்குள் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம்) கொண்ட 5 மி.மீ. ஐபீஸில் தெரியும் வானம் 13 கலைதான், மூவரும் விளிம்பைத் தொட்டபடி இருப்பார்கள். 82 பாகை ஐபீஸ் என்றால் அதே உருப்பெருக்கத்தில் 20 கலை, தாராளமாக இடம் இருக்கும். மோட்டார் இல்லாத டெலஸ்கோப்பில் கோள்களைப் பார்க்கிறவர்களுக்கு இந்த அகலம் வெறும் அழகு இல்லை. வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள பொருள் 13 கலைப் புலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும், தள்ளிவிட்டு அதிர்வு அடங்குவதற்குள் பாதி நேரம் போய்விடும்.

அகலத்துக்கு ஆசைப்பட்டு மறுகோடிக்குப் போவதும் தவறுதான். ஐபீஸின் குவியத் தூரத்தைக் குவிய விகிதத்தால் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். விகிதம் 5 உள்ள டெலஸ்கோப்பில் 40 மி.மீ. ஐபீஸ் போட்டால் 8 மி.மீ. வரும். இளவயதில்கூடக் கண்ணின் பாவை இருட்டில் விரிவது 7 மி.மீ. அளவுதான், வயது ஏற ஏற அதுவும் சுருங்கும். மிச்ச ஒளி கண்ணுக்குள் நுழையாமலே போகும்.

அப்புறம், இருட்டில் போராடாமல் இருக்கச் சிலவற்றைப் பகலிலேயே பார்த்துவிடலாம். சூரியனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தொலைதூரக் கோபுரம் ஒன்றில் ஃபோகஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஃபோகசர் ஏறக்குறைய முழுதாக உள்ளே போன பிறகுதான் கோபுரம் தெளிகிறது என்றால் கவனம் தேவை, நட்சத்திரத்துக்கு இன்னும் உள்ளே போக வேண்டியிருக்கும். 2 அங்குல ஐபீஸ்கள் சில ஒரு கிலோ எடைகூட இருக்கும். திருகை இறுக்காமல் விட்டால் விழும், டாப்சோனியன் (எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும் டெலஸ்கோப்) முன்பக்கம் தலைகவிழும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐபீஸில் திருகிப் பொருத்தும் சூரிய வடிகட்டி உங்களிடம் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். டெலஸ்கோப் குவித்த சூரிய வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில் இறங்கும், அது எந்த நொடியும் விரிசல் விடலாம், பார்வை போனால் திரும்ப வராது. சூரியனுக்கு என்றே தயாரித்த வடிகட்டியை, டெலஸ்கோப்பின் முன்வாயை முழுதாக மூடும்படி மாட்டிய பிறகுதான் சூரியன் பக்கமே திரும்ப வேண்டும்.

இரவு ஏற ஏறப் படம் மெதுவாக மங்கிக்கொண்டே போனால் ஐபீஸின் மேல் லென்ஸைச் சிவப்பு விளக்கில் பாருங்கள். பனியோ உங்கள் மூச்சோ படிந்திருக்கும். துணியால் துடைக்காதீர்கள், படிந்த தூசி மேற்பூச்சைக் கீறிவிடும். சட்டைப் பைக்குள் சிறிது நேரம் வைத்தால் தானே விலகும். பயன்படுத்தாத ஐபீஸையும் அப்படியே வெதுவெதுப்பாக வைத்திருக்கலாம். வீட்டுக்குள் கொண்டுபோகும்போது மூடியைப் போட்டே கொண்டுபோங்கள். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு மூடியைத் திறந்து ஈரம் முழுதாகக் காயவிட்டு, அதன் பின்னரே பெட்டியில் வைத்து மூடுங்கள். ஈரத்தோடு மூடிய லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.