கிழங்கானுக்குத் தூண்டில் போடும் முறை

வலை நெருங்கினால் கிழங்கான் மூக்கை நட்டு மணலுக்குள் புகுந்துவிடும். வலையின் அடிக்கயிறு உரசிக்கொண்டு மேலே போன பிறகுதான் எழும்பும். கரைவலையில் தப்பும் இந்த மீன் தூண்டிலுக்கு நன்றாகவே வரும். ஆனால் இரை தரையிலேயே கிடக்க வேண்டும். இதன் தீனி மணலில் இருக்கும் புழுவும் குட்டி இறாலும்தான்.

பழவேற்காடு போன்ற கழிமுகங்களில், மணல் தரையுள்ள ஆழமில்லாத இடமாகப் பாருங்கள். நீர் ஏறத் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரம் நல்லது.

0.25 மி.மீ. தூண்டில் நரம்பில் 15 கிராம் ஈயக்குண்டைத் தடையில்லாமல் ஓடும்படி கோத்து, அதன் கீழ் ஒரு சுழலியை (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சிறு இணைப்பு) கட்டுங்கள். சுழலியிலிருந்து அரை மீட்டர் மெல்லிய நரம்பு, அதன் நுனியில் 10ஆம் எண், நீளத்தண்டு முள். இந்த வகையில் எண் கூடினால் முள் சிறிதாகும். கடையில் மாற்றி வாங்கிவிடாதீர்கள். கிழங்கானின் வாய் சிறியது. பெரிய முள் போட்டால் இரையைக் கொறித்துவிட்டுப் போய்விடும். குண்டை நரம்பில் இறுக்கிக் கட்டினாலும் இதே கதிதான்: கவ்வியதும் கனம் தெரிந்து துப்பிவிடும்.

இறாலை உரித்து 1 செ.மீ. துண்டாக நறுக்கி, முள்ளின் நுனி மட்டும் தெரியும்படி கோத்துவிடுங்கள். துண்டு தொங்கினால் தொங்கும் பகுதியைத்தான் தின்னும். எறிந்து, குண்டு தரை தொட்டதும் ஓர் அடி இழுங்கள். பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள். மறுபடி ஓர் அடி. குண்டு நகரும்போது மணல் கிளம்பும், அதைப் பார்த்து மீன் வரும். விரலில் 'டக், டக்' என்று இரண்டு தட்டல் தெரியும். அப்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள், வாய் கிழிந்துவிடும். நரம்பு இறுகியதும் நிதானமாகச் சுருட்டினால் போதும்.

முள்ளைக் கழற்றும்போது தலைப்பக்கமிருந்து வால் பக்கமாகக் கையை வழித்துப் பிடியுங்கள். முதல் முதுகுத் துடுப்பின் முட்கள் அப்போதுதான் படியும். எதிர்ப்பக்கமாகப் பிடித்தால் குத்தும். 15 செ.மீ.க்குக் குறைந்ததை விட்டுவிடுவதே நியாயம்.

தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடங்கள். அதே மணலில் திருக்கையும் புதைந்திருக்கும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டு வெந்நீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

சதை மிருதுவானது, வெயிலில் சீக்கிரம் குழைந்துவிடும். பிடித்த உடனே மீனுக்குச் சம எடை ஐஸ் போடுங்கள். செதிளை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டி, குடலை அன்றே எடுத்துவிடுங்கள்.