பால் வாங்கப் போகும்போது போன் வேண்டாம்

காலையில் பால் வாங்கப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஜிபே பழக்கத்தில் காசை மறந்துவிடாதீர்கள், சட்டைப்பையில் ஒரு 50 ரூபாய்த் தாள் இருக்கட்டும்.

தனியாக இருப்பதற்கென்று நேரம் ஒதுக்குவதெல்லாம் நடக்காத காரியம். எப்படியும் நடக்கப்போகிற இந்த 15 நிமிடம் சும்மா கிடைப்பது. பையில் போன் இருந்தால், அது அடிக்காவிட்டாலும் பாதிக் கவனம் அதன்மேல்தான். இல்லாவிட்டால், நேற்றிலிருந்து உறுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று தெருமுனை தாண்டுவதற்குள் தானாக மேலே வரும்.

வீட்டில் உடம்பு சரியில்லாதவர்கள் இருந்தால் இது வேண்டாம். அப்புறம், யாரிடமாவது பேசினால் தேவலை என்று மனசு ஏங்குகிற நாளிலும் உதவாது. நாமாகத் தேடிப்போகும் தனிமை வேறு, ஆளில்லாத தவிப்பு வேறு. அன்றைக்குப் போனை எடுத்துக்கொண்டே போய், வழியில் அக்காவிடமோ பழைய நண்பரிடமோ பேசிவிடுங்கள்.