முயலின் குதிகால் புண்: மருந்துக்கு முன்னால் தரையைப் பாருங்கள்

காரைக்குடிப் பக்கம் வீட்டில் முயல் வளர்ப்பது கூடியிருக்கிறது. “பின்னங்கால்ல முடி கொட்டுதுண்ணே, என்ன மருந்து போடலாம்?” என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். படத்தில் எனக்கு முதலில் கண்ணில் படுவது கால் அல்ல, தரை. கூண்டைச் சுத்தமாக வையுங்கள், நகம் வெட்டுங்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், அதை விட்டுவிட்டு, குதிகால் புண் விஷயத்தில் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கம்பி வலையிலிருந்து எடுத்து நேராகக் கல்லில் விடுவது

கம்பி வலை காலை அறுக்கும் என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. நல்லது. ஆனால் அதிலிருந்து தூக்கி ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விட்டுவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

நாய், பூனைக்கு இருக்கிற மெத்தைச் சதை முயலின் பாதத்தில் கிடையாது. தோலும், அதன்மேல் அடர்ந்த முடியும் மட்டும்தான். அந்த முடிதான் அதற்குச் செருப்பு. மண்ணில் உட்கார்ந்தால் நகம் மண்ணுக்குள் இறங்கும், பாரம் விரல்வரை பரவும். கல்லில் நகம் எங்கே இறங்குவது? விரல்கள் மேலே தூக்கிக்கொள்ள, பாரமெல்லாம் குதிகாலில் வந்து விழும். அழுத்தம் பட்ட இடத்தில் ரத்த ஓட்டம் குறையும். முடி உதிரும், தோல் சிவக்கும், அப்புறம் வெடிக்கும். வெடிப்பில் கிருமி புகுந்தால் சீழ். அது எலும்புவரை இறங்கிவிட்டால் காலைக் காப்பாற்றுவதே பாடு.

வழுக்கல் வேறு. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்த்து எடுக்கிறார்கள். அந்த வழவழப்பில் முயலுக்குப் பிடிமானம் இல்லை. பயந்துபோய் ஓரிடத்திலேயே குந்தியிருக்கும், குந்தக் குந்தக் குதிகால் தேயும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் நாலு கிலோவுக்கு மேல் இருந்த வெள்ளை முயலைக் காட்டினார்கள். மடியில் வைத்துப் பின்னங்கால் முடியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் துவரம்பருப்பு அளவுக்குப் பக்கு, சுற்றிலும் முடியில்லாத சிவந்த தோல். உடனே ஏதாவது விரியுங்கள் என்றேன். வீட்டு ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது: “இந்தக் கல்லைப் பாக்கத்தான் எங்கெங்கிருந்தோ வர்றாக. அதுமேல போயி பாயை விரிக்கச் சொல்றீகளே தம்பி!” சரி என்று களிம்பு மட்டும் வாங்கினார்கள். ஒரு டியூப் தீர்ந்து அடுத்த டியூப். தடவிவிட்டு மறுபடி அதே கல்லில் விடுவார்கள். அடுத்து நான் பார்த்தபோது ஒரு கால் வீங்கி, முயல் அதைத் தரையில் ஊன்றாமல் இருந்தது. ஊசிக்கும் மருந்துக்கும் போன காசில் வளவு முழுக்கப் பாய் விரித்திருக்கலாம்.

“அதுவாப் போயித்தான் கல்லுல படுக்குது” என்பார்கள். உண்மைதான். நம்ம ஊர் வெயிலுக்கு அதற்குக் குளிர்ச்சி வேண்டும். காலை நீட்டிப் படுக்கும்போது குதிகாலில் பாரம் இல்லை. குந்தியிருக்கும்போதுதான் வம்பு. மத்தியானம் படுக்க ஈரமில்லாத கல் கொஞ்சம் விட்டுவிட்டு, சாப்பிடும் இடத்திலும் அதிக நேரம் உட்காரும் மூலையிலும் மெத்தென்று விரியுங்கள். காய்ந்த வைக்கோல் என்றால், உள்ளங்கையால் அழுத்தினாலும் தரை தட்டாத அளவுக்குக் கனமாக வேண்டும். பழைய நூல் சேலையை நாலைந்தாக மடித்து, மேலே கோரைப்பாய் போடலாம். பாயைக் கடித்தால் பரவாயில்லை. துணியைக் கடித்து விழுங்கினால் துணியை எடுத்துவிடுங்கள், குடல் அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பாய் வேண்டவே வேண்டாம். தென்னை நார் மிதியடியும் வேண்டாம், அது உரசியே புண்ணாக்கும்.

காலையில் வீடு துடைத்ததும் ஈரம் காயுமுன் முயலைத் திறந்துவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

குதிகால் முடியைக் கத்தரிப்பது

வேண்டாம்.

மீந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது

வீட்டில் யாருக்கோ வாங்கிய அமாக்சிசிலின் மிச்சம் இருக்கும், அதில் கால்வாசி கொடுப்பார்கள். அதுபோல வாய்வழி கொடுக்கும் பென்சிலின் வகை மருந்து முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்து, கழிச்சலில் கொண்டுபோய் விடும். புண் ஆறுமுன் முயலே போய்விடும். வலிக்கு மெலாக்சிகாம் உண்டு, ஆனால் எவ்வளவு என்பதை முயலைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கட்டுப் போடுவது

இறுகினால் ரத்தம் ஓடாது, மூத்திரத்தில் நனைந்தால் புண் ஊறும். முயல் அதைக் கடித்துப் பிய்க்கும். கட்டு அவசியம் என்றால் டாக்டர் போடட்டும். நீங்கள் செய்யக்கூடியது, பொவிடோன் அயோடின் என்ற புண் துடைக்கும் மருந்தை ஆறவைத்த வெந்நீரில் வெளிர் டீ நிறத்துக்குக் கலந்து துடைத்து, ஈரம் போக ஒற்றியெடுப்பது. பக்கைப் பிய்க்காதீர்கள். எண்ணெய் எதுவும் தடவாதீர்கள், முடி ஒட்டிக்கொள்ளும், முயல் நக்கியும் விடும்.

பலகாரம்

தேன்குழலும் சீப்புச்சீடையும் முயலுக்கு இல்லை. வருகிற விருந்தாளியெல்லாம் ஆளுக்கொன்று நீட்டினால் எடை ஏறும், ஏறுகிற எடை முழுக்கக் குதிகாலில்தான் இறங்கும். புல் போடுங்கள்.

நொண்டவில்லை என்று சும்மா இருப்பது

முயல் வலியைக் காட்டிக்கொள்ளாது. வாரம் ஒருமுறை முடியை விலக்கிப் பாருங்கள். முடியில்லாமல் வறண்ட தோல் மட்டும் தெரிந்தால் விரிப்பை மாற்றிக் கவனித்தால் போதும். வீக்கம், ரத்தம், சீழ், காலைத் தூக்கி வைப்பது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். தீனியைத் தொடவில்லை என்றால் இன்னும் அவசரம். புண் ஆற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். முடி முளைத்ததும் பாயைச் சுருட்டிவிடாதீர்கள்.