புகைப்பழக்கத்தை விட உதவும் பணியாளர்களுக்கு ஆன்லைன் பயிற்சி: நடத்தும் முறை

ஸ்லைடை வாசித்துக் காட்டினால் எதுவும் மனதில் நிற்காது. ஒன்றரை மணி நேர வகுப்பில் விளக்கத்துக்கு 30 நிமிடம் போதும். மிச்ச நேரம் பேசிப் பழகத்தான். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் செவிலியர், ஒருவர் புகைப்பவர், ஒருவர் கவனிப்பவர்.

முதல் கேள்வியிலேயே சறுக்கும். “சிகரெட் பிடிப்பீங்களா?” என்றால் பீடி பிடிப்பவர் “இல்லை” என்றுதான் சொல்வார். “பீடி, சிகரெட், சுருட்டு ஏதாவது உண்டாண்ணே?” என்று கேட்க வையுங்கள். அடுத்து, “காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி?” அரை மணிக்குள் என்றால் நிகோடின் பிடி பலமானது, மருத்துவரைக் கேட்டு 4 மில்லிகிராம் நிகோடின் கம் (புகைக்கும் ஏக்கத்தைத் தணிக்க மெல்லும் மருந்து). பிந்தினால் 2 மில்லிகிராம்.

கம் போடும் விதத்தைக் கேமரா முன் சாதாரண சூயிங்கம் வைத்தே செய்து காட்டுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. மெதுவாக மென்று, வாயில் சுரீரென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். ஒரு கம் சுமார் அரை மணி நேரம் வரும். விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல் வரும்; “எனக்கு ஒத்துக்கலை” என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். 15 நிமிடம் முன்பிருந்தே காபி, குளிர்பானம் வேண்டாம். வாயில் அமிலம் கூடினால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது.

விடும் தேதியைக் குறித்து, அந்த வாரமே போனில் விசாரிக்கவும் பழக்குங்கள். புகையிலையை விட உதவும் தேசிய உதவி எண்ணான 1800-11-2356 என்ற இலவச எண்ணை எல்லோரும் வகுப்பிலேயே போனில் பதிந்துகொள்ளட்டும்.